சஞ்சயன் தின்ற சோறு

தாராவி 90 அடி சாலையில் ஐபிஎல் நடக்கும் மாலைகளில் டீக்கடை டிவி தமிழ் பேசத் தொடங்கிவிடும். பகலெல்லாம் மராத்திச் செய்தியும் இந்திப் பாட்டும் ஓடுகிற பெட்டி, டாஸ் போடும் நேரத்துக்குத் திருநெல்வேலிக்காரர்கள் கைக்கு வந்துவிடுகிறது. அப்படியொரு மாலை. ஓவர் முடிந்து விளம்பரம் வருகிறது. சற்று முன்புவரை பந்து ஏன் திரும்பவில்லை என்று விளக்கிக்கொண்டிருந்த அதே முகம், இப்போது வேறு சட்டை போட்டுக்கொண்டு ஒரு டப்பாவை நீட்டிச் சிரிக்கிறது. டீயை ஆற்றிக்கொண்டிருந்த பெரியவர் பக்கத்து ஆளைக் கேட்கிறார்: “ஏ தம்பி, இவரு இப்ப சொல்லுதது மேட்சுக்கா, சாமானுக்கா?”

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் பெரியவர் கேட்டது பழைய தர்மக் கேள்வி. நடந்ததை நடந்தபடி சொல்வதற்கென்று ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து உட்கார வைக்கிறோம். அவர் வேறு இடத்திலும் கை நனைத்தால், அந்த நாக்கு யாருக்குச் சொந்தம்?

தாராவியில் இந்தக் கேள்வியை அப்படியே கேட்டால் எடுபடாது. அங்கே ஒரே வருமானத்தில் குடும்பம் நடத்துகிறவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். விடிவதற்கு முன் இட்லி அவித்து, பாத்திரத்தைத் தலையிலோ சைக்கிளிலோ ஏற்றி நகரம் முழுக்க விற்றுவிட்டு வருகிற தமிழர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். மத்தியானத்துக்கு மேல் அவர் தையல் மிஷினில் உட்கார்ந்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை. உழைப்பாளி என்றுதான் சொல்வார்கள். இட்லிக்கு நடுவுநிலைமை தேவையில்லை, வெந்திருந்தால் போதும். வர்ணனை அப்படிப்பட்ட பண்டம் இல்லை. கேட்கிறவர் மைதானத்தில் இல்லை. அவருடைய கண்ணை இன்னொருவரிடம் ஒப்படைத்திருக்கிறார்.

கண்ணை ஒப்படைத்துக் கதை கேட்ட முதல் ஆள் திருதராஷ்டிரன். போரைக் காண்பதற்கு வியாசர் கண் தருகிறேன் என்றபோது, பிள்ளைகள் சாவதைப் பார்க்க மாட்டேன் என்று அவன் மறுத்துவிட, அந்தப் பார்வை சஞ்சயனுக்குப் போனது. பகவத் கீதையின் 700 சுலோகங்களில் அரசன் பேசுவது ஒன்றே ஒன்று. அதுவும் தீவிர ரசிகன் கேட்கிற கேள்வி: என் பிள்ளைகளும் பாண்டுவின் பிள்ளைகளும் என்ன செய்தார்கள்? தம்பி மகன்களை அவன் அப்போதே வேறு அணியாகப் பிரித்துவிட்டான். சஞ்சயனுக்கு 41 சுலோகங்கள் என்பது வழக்கமான கணக்கு. அதில் கடைசியாக வருவதில் அவன் தன் கருத்தையே சொல்லிவிடுகிறான்: கண்ணனும் அர்ச்சுனனும் எங்கே இருக்கிறார்களோ அங்கேதான் வெற்றி. எதிரணி ஜெயிக்கும் என்று தன் முதலாளியின் முகத்துக்கு நேராகச் சொல்கிறான்.

அது நேரடி ஒளிபரப்பு என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பீஷ்ம பருவத்தைப் படித்தால் கதை வேறு. பத்தாம் நாள் பீஷ்மர் சாய்ந்த பிறகு சஞ்சயன் களத்திலிருந்து ஓடிவந்து, கிழவர் விழுந்துவிட்டார் என்று முதலில் முடிவைச் சொல்கிறான். அப்புறம்தான் முதல் நாளிலிருந்து கதை பின்னோக்கி விரிகிறது. கீதையும் அதற்குள்தான் வருகிறது. முடிவு தெரிந்த ஆட்டத்தை, தோற்கிற பக்கத்து அரண்மனையில் உட்கார்ந்து, ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டியிருந்தது அவனுக்கு. போருக்கு முன்பும் அவன் அப்படித்தான். பாண்டவரிடம் தூது போய்த் திரும்பிய இரவில், குற்றம் உங்கள்மேல்தான் என்று அரசனிடம் சொல்லிவிட்டு, மற்றதை நாளைச் சபையில் சொல்கிறேன் என்று படுக்கப் போய்விட்டான். அரசனுக்குத்தான் தூக்கம் போயிற்று. விதுரனைக் கூப்பிட்டனுப்பி விடிய விடியப் பேசிக்கொண்டிருந்தான்.

தமிழர் நெஞ்சில் சஞ்சயனுக்கு இடம் குறைவு. அங்கே உட்கார்ந்திருப்பவன் கர்ணன். கர்ண மோட்சம் கூத்து நடக்கிற ஊரில் விடியற்காலையில் அழாத கண் கிடையாது. 1964-ல் வந்த ‘கர்ணன்’ படத்தை 2012-ல் மறுபடி திரையிட்டபோதும் தியேட்டர் நிறைந்தது. கர்ணனுடைய தர்மத்துக்கு நாம் வைத்த பெயர் செஞ்சோற்றுக் கடன். சோறு போட்டவன் செய்வது தவறென்று தெரிந்தும் அவனுக்காக உயிரைக் கொடுப்பது. இதில் யோசிக்க ஒன்று இருக்கிறது. கர்ணன் தேரோட்டி வீட்டில் வளர்ந்தவன். சஞ்சயனும் தேரோட்டிக் குலத்தவன். இருவரும் தின்றது ஒரே வீட்டுச் சோறு. ஒருவன் அந்தக் கடனை வில்லால் அடைத்தான். மற்றவன் உள்ளதைச் சொல்லி அடைத்தான். வர்ணனை அறையில் யாரை உட்கார வைப்பது என்று கேட்டால் பதில் சுலபம். அந்த அறைக்குள் எத்தனை வீட்டுச் சோறு வருகிறது என்பதில்தான் சிக்கல்.

ஒரு காலத்தில் அந்த அறைக்குச் சோறே வெளியிலிருந்துதான் வந்தது. 1934-ல் பம்பாயில் நால்வர் கோப்பை ஆட்டத்தை வானொலியில் சொன்ன ஏ.எஃப்.எஸ். தலையார்கான், நாள் முழுக்க ஒற்றை ஆளாகப் பேசியவர். மைக்கை இன்னொருவரோடு பகிர மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவர். பத்திரிகைப் பத்தி எழுத்தும் அவருக்கு உண்டு. மத அடிப்படையில் அணி பிரித்து ஆடிய அந்தப் போட்டியின் குரலாகப் புகழ் பெற்றவரே, பிற்பாடு அந்தப் பிரிவினையை எதிர்த்து எழுதினார். அவருக்குப் பின் வந்தவர்களின் பிழைப்பைப் பாருங்கள்: நரோத்தம் பூரி காது மூக்கு தொண்டை மருத்துவர், ரவி சதுர்வேதி டெல்லியில் விலங்கியல் ஆசிரியர். 1954-55-ல் ரஞ்சிக் கோப்பை வென்ற சென்னை அணியின் தலைவர் பாலு அழகனன் பிறகு மைக்கைப் பிடித்தார். தமிழில் வர்ணனை சொன்ன கூத்தபிரான் குழந்தைகளுக்கு ‘வானொலி அண்ணா’. சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் வானொலி நாடகக் கலைஞர், எழுத்தாளர்.

இவர்களில் பலருக்கு வர்ணனைதான் பக்கத்தொழில். டெஸ்ட் போட்டிக்கு ஐந்து நாள், அப்புறம் பழைய வேலை. நாளைக்கு மைக்கைப் பிடுங்கினாலும் அடுப்பு எரியும். அதனால் அவர்கள் எல்லோரும் அரிச்சந்திரர்கள் ஆகிவிடவில்லை. வானொலி அரசாங்கத்துடையது, அதற்கென்று ஒரு பவ்வியம் இருந்தது. ஆனாலும் இன்றைய நிலை அப்படியே தலைகீழ். இன்று வர்ணனை முழுநேரப் பிழைப்பு. அதில் கிடைத்த முகமும் குரலும்தான் பக்கத்தொழிலுக்கு முதலீடு.

மாட்டுங்காவில் ஒரு நடை நடந்தால் இதன் தொடக்கத்தைப் பார்த்துவிடலாம். டான் பாஸ்கோ பள்ளி அங்கே இருக்கிறது. 1977-ல் அந்தப் பள்ளி, பள்ளிகளுக்கான ஜைல்ஸ் ஷீல்டு வென்றபோது அணித் தலைவன் ரவி சாஸ்திரி. அவர் படித்த போதார் கல்லூரியும் அதே மாட்டுங்காவில்தான். ஆட்டக்காரர், வர்ணனையாளர், அணி இயக்குநர், பயிற்சியாளர், மறுபடி வர்ணனையாளர் என்று சாஸ்திரி சுற்றி வந்த வட்டத்தில், 2021-ல் ஆண்களுக்கான ஒப்பனைப் பொருள் வியாபாரமும் ஒரு நிறுத்தம். இதில் யாருக்கும் நஷ்டமில்லை. சவரக் களிம்பு வாங்குகிறவர் ஆஃப் ஸ்பின் பற்றிய அபிப்பிராயத்தை விலைக்கு வாங்கவில்லை.

சுனில் கவாஸ்கரின் கணக்கு இதைவிடச் சிக்கலானது. 1985-ல் அவர் தொடங்கிய பி.எம்.ஜி. நிறுவனம் இந்தியாவில் விளையாட்டு நிர்வாகத் தொழிலுக்கே முன்னோடி. ஆட்டக்காரர்களின் விளம்பர ஒப்பந்தங்களைக் கவனிப்பதும் அதன் வேலைகளில் ஒன்று. இன்னொரு பக்கம், 2008 வாக்கில் கிரிக்கெட் வாரியம் அவரையும் சாஸ்திரியையும் தன் சொந்த வர்ணனையாளர்களாக ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆளுக்கு ஆண்டுக்கு 3.6 கோடி ரூபாய் என்று பின்னாளில் செய்தி வந்தது. 2017 ஜூன் 1-ஆம் தேதி, வாரியத்தை நடத்த உச்ச நீதிமன்றம் அமைத்த நிர்வாகக் குழுவிலிருந்து விலகிய வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா, தன் கடிதத்தில் இதைப் பெயர் சொல்லியே எழுதினார். ஆட்டக்காரர்களின் பிரதிநிதியாக இருக்கும் நிறுவனத்தின் தலைவர், அதே ஆட்டக்காரர்களைப் பற்றி வாரியத்தின் மைக்கில் பேசுவது ஆதாய முரண். இரண்டில் ஒன்றை விட வேண்டும் என்பது அவர் வாதம். கவாஸ்கர் அதை மறுத்தார். தன் நேர்மையைக் கேள்வி கேட்டது அவருக்கு வருத்தம்.

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கக்கூடும் என்பதுதான் இந்தக் கேள்வியைத் தத்துவத்துக்கு உரியதாக்குகிறது. ஒருவர் மனத்தில் கோணல் இல்லாமலே இருக்கலாம். அதைக் கேட்கிறவர் எப்படித் தெரிந்துகொள்வது? உள்ளத்தில் சாய்வில்லாமல் இருந்தால் சொல்லிலும் சாய்வில்லாமல் இருக்கும் என்கிற பொருளில் ஒரு குறள், நடுவுநிலைமை என்னும் 12-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதற்கு முன்னது துலாக்கோலைப் பற்றியது. தராசு என்ற கருவி நல்லதா என்று யாரும் அதன் மனத்தைச் சோதிப்பதில்லை. தட்டு வெளியே தெரிகிறது, முள் வெளியே தெரிகிறது. ஏமாற்று வேலை நடந்தால் தட்டின் அடியில் ஒட்டிய புளியில்தான் நடக்கும்.

அந்த அதிகாரத்தின் கடைசிக் குறள் வணிகனைப் பற்றியது. இதை எண்ணி வியக்காமல் இருக்க முடியாது. நீதிபதியையோ துறவியையோ கொண்டு முடித்திருக்கலாம். வள்ளுவர் கடைக்காரரைக் கூப்பிட்டு, பிறர் பொருளையும் தன் பொருள்போலப் பாவித்துச் செய்வதே நல்ல வாணிகம் என்று சொல்லி முடிக்கிறார். அதிகாரம் இருப்பதும் இல்லறவியலில். சம்பாதிக்கிறவனிடம்தான் நடுவுநிலைமையைப் பேசுகிறார். ஆகவே வர்ணனையாளர் கடை வைத்தது பாவம் என்று வள்ளுவரைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. எந்தக் கடை, அதன் சரக்கு என்ன என்றுதான் கேட்க முடியும். மருத்துவர் பூரியின் கடையில் விற்றது கைத்திறன். ஒப்பனைக் கடையில் விற்பது புகழ். ஆட்டக்காரரை நிர்வகிக்கிற கடையில் சரக்காக நிற்பது, மாலையில் தராசில் ஏற வேண்டிய அதே ஆள்.

இனி பிரதான சோறு. பக்கத்தொழிலை மட்டும் சந்தேகிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். 2016 மார்ச்சில் உலக டி20 நடக்கும்போது, இந்திய வர்ணனையாளர் ஒருவர் நம் ஆட்டக்காரர்களைவிட மற்றவர்களைப் பற்றியே அதிகம் பேசுகிறார் என்று அமிதாப் பச்சன் ட்விட்டரில் குறைப்பட்டார். தோனி அதை வழிமொழிந்தார். அவர்கள் பெயர் எதையும் சொல்லவில்லை. அடுத்த மாதம் ஐபிஎல் தொடங்கும் நேரத்தில் ஹர்ஷா போக்ளே வர்ணனைக் குழுவில் இல்லை. ஏன் என்று தனக்கே யாரும் சொல்லவில்லை என்று அவர் எழுதினார். 2020 மார்ச்சில் சஞ்சய் மஞ்ச்ரேக்கரும் வாரியத்தின் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். அதற்கு முந்தைய ஆண்டு உலகக் கோப்பையின்போது ஜடேஜாவைத் துண்டு துக்கடா ஆட்டக்காரர் என்கிற தொனியில் அவர் சொன்னது பெரிய சண்டையாகியிருந்தது. ஒன்றுக்கொன்று சம்பந்தம் உண்டா என்று வாரியம் விளக்கவில்லை. விளக்காமல் விட்டதே மற்ற வர்ணனையாளர்களுக்குப் போதுமான விளக்கம்.

வர்ணனை இல்லாத அந்த இடைவெளியை ஹர்ஷாவால் தாண்ட முடிந்ததில் அவருடைய மற்ற தொழில்களுக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது. ஐதராபாத்தில் வேதிப் பொறியியல், அகமதாபாத்தில் நிர்வாகப் படிப்பு, பிறகு விளம்பரத் துறை. மனைவி அனிதாவோடு சேர்ந்து நிறுவனங்களுக்குக் குழுவாக வெல்வது பற்றி வகுப்பெடுக்கிறார். அதை 2011-ல் இருவரும் புத்தகமாகவும் போட்டார்கள். இணையத்தில் தனி நிகழ்ச்சிகளும் உண்டு. ஒரே எஜமானனை நம்பியிருக்கிற வாய்தான் சீக்கிரம் வாயடைத்துப் போகும். இன்னொரு அடுப்பும் எரிகிறது என்றால், இந்த வீட்டில் உப்பு அதிகம் என்று தைரியமாகச் சொல்லலாம். பக்கத்தொழில் சில சமயம் நாக்குக்குக் கட்டு. சில சமயம் கட்டறுப்பு.

கட்டிப்போடுகிற வகைக்குத் தாராவிச் சுவர்களே சாட்சி சொல்லும். இடுப்பு உயரம்வரை காய்ந்த சிவப்புக் கறை. குட்காவும் பான் மசாலாவும் மகாராஷ்டிரத்தில் 2012-லிருந்தும் தமிழ்நாட்டில் 2013-லிருந்தும் தடை செய்யப்பட்ட சரக்குகள். ஆனால் அதே பெயரில் ஏலக்காய் விற்கலாம், ஏலக்காய்க்கு விளம்பரமும் செய்யலாம். கவாஸ்கர், கபில்தேவ், சேவாக், கெயில் ஆகியோர் தோன்றிய அப்படியொரு விளம்பரத்தை 2023-ல் முன்னாள் ஆட்டக்காரர் கௌதம் கம்பீர் அருவருப்பானது என்று கடிந்தார். ஏலக்காய் தின்று யாரும் செத்ததில்லை என்று வாதாடலாம். மனத்தில் பதிவது ஏலக்காயா, பெயரா என்பது விளம்பரம் கொடுத்தவருக்குத் தெரியும். பௌத்தர்கள் ஐந்து வணிகங்களை விலக்கி வைத்தார்கள்: ஆயுதம், உயிர், இறைச்சி, மது, விஷம். அந்தப் பட்டியலில் பெயரை விற்பது இல்லை. பெயரை மட்டும் தனியே பிரித்து விற்க முடியும் என்று அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றியிருக்காது.

சட்டம் தன் பங்குக்கு ஓடிவருகிறது. 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பொய்யான விளம்பரத்தில் தோன்றுகிறவருக்கே 10 லட்சம் வரை அபராதம். மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை. விசாரித்துவிட்டுத்தான் நடித்தேன் என்று காட்டினால் தப்பலாம். 2025 ஆகஸ்டில் வந்த இணையவழி விளையாட்டுச் சட்டம் செயலிகளில் பணம் கட்டி ஆடுவதையே தடுத்தது. அதற்கு விளம்பரம் செய்தால் இரண்டு ஆண்டுவரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். அதற்கு முந்தைய நாள்வரை அந்தச் செயலிகளில் ஒன்றின் பெயர்தான் இந்திய அணியின் சட்டையிலேயே இருந்தது. ‘நாளைக்கு யார் ரன் அடிப்பார்’ என்ற பேச்சு ஆட்டத்தை விளக்கவா, பந்தயப் பலகையை நிரப்பவா என்று டீக்கடைப் பெரியவர் கேட்டிருந்தால் அன்று பதில் சொல்ல யாராலும் முடிந்திருக்காது.

கம்பீரிடமே திரும்புவோம், அவரிடம் இந்தக் கதையின் இன்னொரு முனை இருக்கிறது. 2019 முதல் 2024 வரை அவர் கிழக்கு டெல்லி எம்.பி. மக்கள் பிரதிநிதிக்கு ஐபிஎல்லில் என்ன வேலை என்று கேட்டபோது 2022-ல் அவர் சொன்ன கணக்கு இது: ஒரு ரூபாய்க்குச் சாப்பாடு போடும் தன் உணவகங்களில் 5,000 பேருக்குச் சோறு போட மாதம் 25 லட்சம் ஆகிறது, வீட்டில் பணம் காய்க்கிற மரம் இல்லை, அதனால் உழைக்கிறேன். அன்னதானம் என்றால் தமிழன் கையெடுத்துக் கும்பிடுவான். செம்பூர் சேடா நகர் முருகன் கோயில் படியேறுகிறவர்கள் யாரும் அதைத் தப்பென்று சொல்ல மாட்டார்கள். ஆனால் கர்ணனும் கொடையாளிதான். எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு எங்கே போகிறது என்ற விடை பொருந்தாது.

2025 அக்டோபரில் காட்சி மாறியது. இப்போது கம்பீர் இந்திய அணியின் பயிற்சியாளர். முன்னாள் தேர்வுக் குழுத் தலைவர் ஸ்ரீகாந்த், மகன் அனிருத்தாவோடு நடத்தும் யூடியூப் சேனலில், வேகப்பந்து வீச்சாளர் ஹர்ஷித் ராணாவை அணியில் ஏன் எடுத்தார்கள் என்று தன் பாணியில் போட்டுத் தாக்கியிருந்தார். உங்கள் சேனல் ஓடுவதற்காக 23 வயதுப் பையனைக் குறி வைப்பது வெட்கக்கேடு என்று கம்பீர் திருப்பிச் சொன்னார். வாரியத்தின் மைக்கில் இவ்வளவு வெளிப்படையாகப் பேச முடியுமா என்று ஸ்ரீகாந்தின் பக்கம் நின்று கேட்கலாம். பார்வையாளர் எண்ணிக்கையும் ஒரு எஜமானன்தானே என்று கம்பீரின் பக்கம் நின்றும் கேட்கலாம். வாரியம் காரம் குறைவாகப் போடச் சொல்கிறது, யூடியூப் கூடப் போடச் சொல்கிறது. இரண்டு சமையலிலும் பந்து போட்ட பையனுடைய அளவு யாருக்கு நினைவிருக்கும்?

சொல்லுக்குக் கூலி வாங்குவதை நம் மரபு எப்போதுமே கூச்சத்தோடுதான் பார்த்திருக்கிறது. கூலி பேசி வேதம் சொல்லிக்கொடுப்பவனைச் சிராத்தத்துக்கு அழைக்காதே என்கிறது மனுஸ்மிருதி. அப்படியானால் ஆசிரியர் என்னத்தைத் தின்பது? அதற்குத்தான் சம்பாவனை என்ற ஏற்பாடு. மாட்டுங்கா ஆஸ்திக சமாஜம் போன்ற இடங்களில் உபன்யாசம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தத் தட்டு கண்ணில் நிற்கும்: வெற்றிலை, பாக்கு, பழம், மேலே ஒரு கவர். பழைய வழக்கப்படி தொகை முன்னால் பேசப்படாது; கதை முடிந்த பிறகு, சபைக்கு நடுவில் வைத்துத்தான் கொடுப்பார்கள். இந்த இரண்டு விதியும் சும்மா மரியாதைக்கு வந்தவை இல்லை. முன்னால் பேசாததால் தொகைக்கு ஏற்றபடி கதை வளையாது. எல்லோரும் பார்க்கக் கொடுப்பதால் யார் கொடுத்தார் என்று சபைக்குத் தெரியும்.

தெருக்கூத்திலும் இதே ஒழுங்கு வேறு வேடத்தில் உண்டு. யாராவது பணம் கொடுத்தால் கட்டியக்காரன் ஆட்டத்தை நிறுத்தி, இன்னார் மகன் இன்னார் இவ்வளவு கொடுத்தார் என்று ஊர் கேட்கச் சொல்வான். அப்புறம் துச்சாதனன் துகிலை உரியப் போய்விடுவான். ஐபிஎல்லின் ஆரம்ப ஆண்டுகளில் சிக்ஸர் பறந்தால் ‘டிஎல்எஃப் மேக்ஸிமம்’ என்றும், கேட்ச் பிடித்தால் ‘கார்பன் கமால் கேட்ச்’ என்றும் வர்ணனையாளர்கள் சொன்னபோது நாடே கேலி செய்தது. காதுக்கு நாராசம்தான். ஆனாலும் அதில் ஒளிவுமறைவு கிடையாது. கட்டியக்காரன் மொய் வாசிக்கிறான் என்று குழந்தைக்கும் புரிந்தது. வாசிக்கப்படாத மொய்தான் தட்டின் அடியில் ஒட்டிய புளி. இந்த ஆட்டக்காரரின் விளம்பரங்களை என் நிறுவனம் பார்த்துக்கொள்கிறது. இந்தச் செயலியோடு எனக்கு ஒப்பந்தம் இருக்கிறது. என் சம்பளம் வாரியம் தருவது. ஓவருக்கு நடுவில் பத்து விநாடியில் இவ்வளவையும் சொல்லிவிடலாம். விளம்பரத்துக்கு விற்கும் அந்தப் பத்து விநாடியின் விலையை நினைத்தால் யாரும் சொல்லமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

சஞ்சயன் யாருடைய ஆள் என்பதில் திருதராஷ்டிரனுக்குச் சந்தேகம் இருந்ததில்லை. அரண்மனைச் சோறு என்பது ஊருக்கே தெரியும். அதனால்தான் அவன் வாயிலிருந்து வந்த எதிரணியின் வெற்றிக்கு அவ்வளவு எடை. துரியோதனன் செத்ததும் வியாசர் கொடுத்த பார்வை அவனை விட்டுப் போய்விட்டது. ஆட்டம் முடிந்தது, ஒப்பந்தமும் முடிந்தது. அந்தப் பார்வையை வைத்து அவன் வேறு எங்கும் கடை விரித்ததாகப் பாரதத்தில் இல்லை.

அவன் வேலை மட்டும் நிற்கவில்லை. பல ஆண்டுகள் கழித்துத் திருதராஷ்டிரனும் காந்தாரியும் குந்தியும் காட்டுக்குப் போனபோது சஞ்சயனும் கூடப் போனான். ராஜ்ஜியம் இல்லை, கூலி கொடுக்க அரண்மனை இல்லை. மேடு வந்தால் மேடு என்றும் பள்ளம் வந்தால் பள்ளம் என்றும் சொல்லி, குருட்டு அரசனைக் கையைப் பிடித்து நடத்திப் போனான். காட்டுத் தீ சூழ்ந்த நாளில், நீ தப்பிப் போ என்று அரசனே அவனை விடுவித்தான். நடந்ததைக் கங்கைக் கரையில் இருந்த முனிவர்களிடம் சொல்லிவிட்டுச் சஞ்சயன் இமயத்தின் பக்கம் நடந்தான்.